சோப்பு வெட்டிய கை

போன வாரம் இந்தக் கதை நின்ற இடத்தில் பின்னறைக் கதவு சாத்தியிருந்தது என்று சொல்லியிருந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால், அது ஒருக்களித்துத்தான் இருந்தது என்று தோன்றுகிறது. சாத்திய கதவுக்குப் பின்னால் பேசியது கூடத்தில் அவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்காது. கதவைப் பற்றி எனக்கு நிச்சயமில்லை. பேச்சைப் பற்றிச் சந்தேகமே இல்லை.

"அண்ணிக்குத் தெரிய வேண்டாம்" என்று சொன்னது குட்டி. "ம்" என்று கேட்டுக்கொண்டது அவளுடைய அண்ணன். வெளியே நின்று அதைக் காதில் வாங்கிக்கொண்டது, அந்த அண்ணி.

தெருவில் எல்லோருக்கும் அவள் சோப்பக்கா. வீட்டின் பின்னறையில் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து, கெட்டிப்படும் நேரம் பார்த்து வாசனை சேர்த்து, அச்சில் ஊற்றி, கம்பியால் துண்டு போட்டு, ஒரு மாதம் காயவைத்து விற்பவள். அந்தத் தொழிலுக்கு அவள் போட்ட முதலே அவளுடைய மூக்குதான். எண்ணெய் புதுசா பழசா, வாசனை தூக்கலா கம்மியா, எல்லாம் மூக்குதான் சொல்லும். அந்த மூக்குதான் இப்போது வேலைநிறுத்தம் செய்கிறது. காய்ச்சல் வந்தது, ஜலதோஷம் வந்தது. இரண்டும் போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டன.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட.

இன்று காலை ஒரு விடுதியிலிருந்து ஓர் அம்மா வருகிறார். சோப்பு பிடித்துப்போனால் அந்த விடுதியின் எல்லா அறைகளுக்கும் இனிமேல் இவள் சோப்புதான். அது கிடைத்தால் தொழில் காலூன்றிவிடும். மூக்கு விஷயம் வெளியே கசிந்தால், இருப்பதும் கை நழுவிவிடும்.

அப்படிப்பட்ட நாளில்தான் அந்த "தெரிய வேண்டாம்" அவள் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

அந்த வீட்டின் சாப்பாட்டு மேசை எப்போதோ பாகப்பிரிவினை ஆகியிருந்தது. பாதி சாப்பாட்டுக்கு, பாதி பேக்கிங்குக்கு. வருஷம் போகப் போக சாப்பாட்டின் பங்கு ஒரு தட்டு வைக்கிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த ஒரு தட்டு இடத்தில் அவளுடைய கணவர் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் சில்லு மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பவர். அதனால் தெருவுக்கு அவர் கண்ணாடிக்காரர்.

சோப்பக்கா ஒரு ஆரஞ்சு சோப்பை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்க, மோந்து பாருங்க."

நீட்டியது சோப்பை, பார்த்தது அவர் முகத்தை. மூக்கு விடைக்கிறதா, புருவம் ஏறுகிறதா, தலை பின்னால் போகிறதா. இத்தனை நாளாக அவள் இப்படித்தான் சமாளிக்கிறாள். அவர் முகம்தான் அவளுக்கு மூக்கு.

இன்று அந்த முகம் ஒன்றும் சொல்லவில்லை.

"நல்லா இருக்கு" என்றார்.

"எப்படி நல்லா இருக்கு?"

"நல்லான்னா நல்லாதான். அதுல என்ன எப்படி?"

"முன்னெல்லாம் கிட்ட கொண்டு வந்தாலே தள்ளி விடுவீங்க. கடைல எல்லாரும் சோப்பு மாப்பிள்ளைன்னு கூப்பிடறாங்கன்னு கத்துவீங்க."

"இப்பவும் கூப்பிடறாங்க. பழகிடுச்சு."

அவர் செருப்பு மாட்டவில்லை, சாப்பாட்டுப் பையைத் தேடவில்லை. அதை அப்போதுதான் கவனித்தாள்.

"கடைக்குக் கிளம்பலையா?"

"மத்தியானம் வரேன்னு சொல்லிட்டேன். அந்தம்மா வரும்போது கூட ஒரு ஆள் இருக்கட்டுமே."

"இத்தனை வருஷத்துல என் கஸ்டமர் வந்தப்ப ஒரு நாளாவது வீட்ல இருந்திருக்கீங்களா?"

"அதான் இன்னிக்கு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, காலியான டம்ளரிலிருந்து இன்னொரு மடக்கு குடித்தார்.

காலி டம்ளரில் டீ குடிக்கிற மனுஷன் எதையோ மறைக்கிறான். இதற்கு மூக்கு வேண்டியதில்லை.

குட்டி அதற்குள் குளித்து, இஸ்திரி போட்ட உடுப்பு உடுத்தி, தலை வாரிக்கொண்டு வந்துவிட்டாள். வயது முப்பத்தைந்தைத் தாண்டியும் அவள் அந்த வீட்டுக்குக் குட்டிதான். கண்ணாடிக்காரருக்கு ஒரே தங்கை. புருஷனோடு ஒத்துப்போகவில்லை என்று சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் படுத்த அறைதான் இப்போது சோப்பு அறை. அவள் கட்டில் கிடந்த இடத்தில் சோப்புத் தட்டுகள் அடுக்கிய அலமாரி. வந்த அன்று வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பிறகு, "பரவாயில்ல அண்ணி, ஹால்லதான் காத்து நல்லா வரும்" என்றாள்.

அந்தப் "பரவாயில்ல"வை சோப்பக்கா இன்று வரை ஜீரணிக்கவில்லை.

"எங்க கிளம்பற?" என்று கேட்டாள்.

"எங்கயும் இல்லையே. வர்றவங்க முன்னாடி நைட்டியோடயா நிக்கறது?"

"நீ எதுக்கு நிக்கணும்?"

குட்டி நிமிர்ந்து பார்த்தாள்.

"டீ குடுக்க ஒரு ஆள் வேண்டாமா அண்ணி" என்றாள். கையிலிருந்த போனைத் திரை கீழே போகும்படி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் சோப்பக்காவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். இவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால், முன்னாலேயே பேசி வைத்திருக்க வேண்டும்.

அவள் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முன்பெல்லாம் அந்த அறைக்குள் நுழைந்தால் யாரோ கட்டிப்பிடித்த மாதிரி இருக்கும். இப்போது அது ஓர் அறை. அலமாரி, தட்டுகள், தராசு, எண்ணெய் டின்கள். வெள்ளைச் சுவரை மோந்து பார்த்தாலும் சோப்பை மோந்து பார்த்தாலும் ஒன்றுதான். அவள் நடு அறையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். கை கால் போனால் ஊர் பார்த்துப் பரிதாபப்படும். மூக்கு போனால் முகம் அப்படியே இருக்கிறது, யாரும் கேட்பதில்லை, கேட்காததே ஒரு வசதியாகிப்போய், அந்த வசதிக்குள் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

வாசனை எண்ணெய்க் குப்பிகளை எடுத்துப் பார்த்தாள். மூடி ஒவ்வொன்றும் இறுக்கி மூடியிருந்தது. அவள் அப்படி மூடுவதில்லை. இறுக்கினால் அந்தப் பிளாஸ்டிக் மூடி விரிசல் விடும் என்று அரைத் திருகோடு விட்டுவிடுவாள்.

யாரோ திறந்திருக்கிறார்கள்.

அவள் மூன்று வகை சோப்பை இன்றைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். நட்சத்திரம் போட்டது ஆரஞ்சு. வட்டம் போட்டது லாவெண்டர். இலை போட்டது எலுமிச்சைப்புல். மூக்கு போனபின் எது எது என்று சொல்ல அந்த அச்சு அடையாளம்தான் அவளுக்குத் துணை. நட்சத்திரத்தைத் தட்டில் வைத்தாள். வட்டத்தை வைத்தாள். இலையை எடுத்தவள், வைக்கவில்லை.

விரலுக்கு ஏதோ சரியாகப்படவில்லை.

ஓரத்தைத் தடவினாள். திருப்பிப் பிடித்துத் தடவினாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு இன்னொன்று.

சோப்பக்காவுக்கு இடக்கைப் பழக்கம். கெட்டிப்பட்ட சோப்புப் பாளத்தைக் கம்பியால் அறுக்கும்போது இடக்கைதான் இழுக்கும். எவ்வளவு நிதானமாக இழுத்தாலும் துண்டின் இடது ஓரம் ஒரு நூல் அளவு சரிந்துதான் விழும். வாங்குகிறவர்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. ஆனால் இத்தனை வருஷமாக அவள் வெட்டிய ஒவ்வொரு சோப்பும் ஒரே பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

இந்தச் சோப்புகள் வலது பக்கம் சாய்ந்திருந்தன.

தட்டில் இருந்த இலை சோப்பு அத்தனையும்.

இவை அவள் வெட்டியவை அல்ல. அவளுடைய அச்சில், அவளுடைய அலமாரியில், அவளுடைய தட்டில், வேறொரு கை வெட்டிய சோப்பு இருக்கிறது. அவளுடையது எங்கே? இதில் என்ன கலந்திருக்கிறது? விடுதிக்காரம்மா முன்னால் அவளைத் தலைகுனிய வைக்கவா? அறையைத் திரும்பப் பிடிக்கவா?

ஒரு சோப்பை மூக்கில் வைத்து முழு மூச்சாக இழுத்தாள். காற்று வந்தது. காற்று மட்டும் வந்தது.

வாசல் மணி அடித்தது.

விடுதிக்காரம்மா கொஞ்சம் பருமனானவர், சிரித்த முகம். மூக்கின் மேல் கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. உட்கார்ந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பேக்கிங் மேசை, சுவரோரம் அட்டைப்பெட்டிகள், நாற்காலி முதுகில் காய்ந்த துண்டு.

"வீடு எது, தொழில் எதுன்னு கோடு போட முடியல போல" என்றார்.

"கோடு போட்டா நாங்கதான் வெளிய நிக்கணும்" என்றார் கண்ணாடிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். சோப்பக்கா சிரித்த மாதிரி இருந்தாள்.

வேறு வழியில்லாமல் இலை சோப்பும் தட்டில்தான் இருந்தது. மூன்று வகை என்று போனில் சொல்லியாகிவிட்டது. இரண்டை மட்டும் நீட்ட முடியாது.

விடுதிக்காரம்மா நட்சத்திரத்தை மோந்தார். "நல்லா இருக்கு." வட்டத்தை மோந்தார். "இதுவும் நல்லா இருக்கு, கொஞ்சம் தூக்கல்." இலையை எடுத்தார். கண்ணை மூடினார். கீழே வைக்கவில்லை. திரும்பவும் மூக்குக்குக் கொண்டு போனார்.



"இது" என்றார் விடுதிக்காரம்மா. "இது வேற மாதிரி இருக்கே. கதவைத் திறந்து விட்ட மாதிரி."

யார் வெட்டியது என்று தெரியாத சோப்பைத்தான் அவர் கையில் வைத்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று சோப்பக்காவுக்குத் தெரியவில்லை. ஓரக்கண்ணால் குட்டியைப் பார்த்தாள். குட்டி டீத் தட்டோடு சுவரில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

விடுதிக்காரம்மா பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு சோப்பை எடுத்தார்.

"இது இப்ப எங்களுக்கு வேற ஒருத்தர் குடுக்கறது. வாங்கும்போது நல்லாத்தான் இருந்தது. இப்ப தங்கறவங்க ஒவ்வொருத்தரா முகம் சுளிக்கறாங்க. என்ன கோளாறுன்னு எங்களுக்குச் சொல்லத் தெரியல. நீங்க மூக்குல வச்சதும் சொல்லிடுவீங்கன்னு ஊரே சொல்லுது. பாருங்களேன்."

"வச்சுட்டுப் போங்க, பார்த்துச் சொல்றேன்."

"ஒரு நிமிஷ வேலைதானே மேடம்."

சோப்பக்கா வாங்கினாள். மோந்தாள். ஒன்றுமில்லை. தலையைச் சாய்த்து, யோசிப்பது போல இன்னொரு முறை மோந்தாள். முகம் படிக்கலாம் என்று கண்ணைத் தூக்கினாள். விடுதிக்காரம்மாவின் முகம் பதிலுக்குக் காத்திருந்தது. அதில் பதில் இல்லை.

கடிகாரம் ஓடுகிற சத்தம் அந்த வீட்டில் கேட்கும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"மேடம்" என்றார் கண்ணாடிக்காரர் திடீரென்று. "தப்பா நினைக்காதீங்க. உங்க கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கு. இதோட இருந்தா தலைவலி வருமே?"

"அட, ஆமாங்க! தினமும் சாயங்காலம் வருது!"

"குடுங்க, ரெண்டு நிமிஷம்." அவர் சட்டைப் பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்துவிட்டார். விடுதிக்காரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

அந்த இடைவெளியில் குட்டி முன்னால் வந்தாள்.

"அண்ணி காலைலேர்ந்து வாசனைக்குள்ளயே இருக்காங்க. மூக்கு அசந்து போயிருக்கும். நான் பாக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே சோப்பை வாங்கிவிட்டாள். ஒரே ஒரு முறை மோந்தாள். "மேல ரோஜா. அடில சிக்கு வாடை. எண்ணெய் பழசு. போடும்போது வாசனையை அள்ளிக் கொட்டி மூடியிருக்காங்க. நனைஞ்சா சிக்குதான் முன்னாடி வரும்."

"அதேதான்!" விடுதிக்காரம்மா துள்ளாத குறை. "துண்டுல ஏதோ வாடைன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நீங்களும் சேர்ந்துதான் செய்யறீங்களா?"

குட்டி அண்ணியைப் பார்த்தாள்.

சோப்பக்காவின் வாயிலிருந்து அது வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை, யோசித்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாளா என்பதும் நிச்சயமில்லை.

"இவ என் நாத்தனார். பேக்கிங்குக்கு ஒத்தாசை பண்ணுவா."

குட்டி சோப்பைக் காகிதத்தில் சுற்றி மேசையில் வைத்தாள். மடிப்பை விரலால் நீவி நீவி விட்டாள்.

விடுதிக்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உலகமே நேராகிவிட்டது என்று சிரித்தார். முதலாளியிடம் காட்டிவிட்டுச் சாயங்காலம் கூப்பிடுவதாகச் சொல்லி இலை சோப்பில் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என் நம்பர் இருக்கில்ல?" என்றாள் சோப்பக்கா.

"உங்களுது இருக்கு. அவங்களுதும் இருக்கே" என்று குட்டியைக் காட்டிவிட்டுப் படியிறங்கினார்.

கண்ணாடிக்காரர் கதவைச் சாத்தினார்.

சோப்பக்கா பின்னறைக்குப் போய் ஓர் இலை சோப்பை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"இதை யார் வெட்டினது?"

"நான்தான்" என்றாள் குட்டி. மறைக்கவே இல்லை. அதுதான் சோப்பக்காவை இன்னும் குத்தியது.

"என் சோப்பு எங்க?"

"பரண்ல."

"ஏன்?"

குட்டி அண்ணனைப் பார்த்தாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீயே சொல்லு" என்றார் அவர்.

"சிக்கு நாத்தம் அண்ணி. அன்னிக்கு நீங்க ஊத்தும்போதே ஹால் வரைக்கும் வந்தது. அந்த மூலை டின்ல இருந்தது பழைய எண்ணெய். உங்களுக்குத் தெரியாம இருக்கவே இருக்காது. நீங்க பாட்டுக்குப் பாட்டு முணுமுணுத்துட்டு ஊத்திட்டிருந்தீங்க. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது."

சோப்பக்கா மேசையில் இருந்த இலை சோப்பைத் திருப்பி வைத்தாள்.

"அடுத்த நாள் நீங்க வெளிய போயிருந்தப்ப புது எண்ணெய்ல நானே ஒரு பாளம் போட்டேன். பரண்லயே காயவச்சேன். நேத்து மாத்தி வச்சேன்."

"ஒரு மாசமா பரண்ல ஒளிச்சு வச்சிருந்தியா?"

"காயறதுக்கு ஒரு மாசம் ஆகுமே அண்ணி. நீங்கதானே சொல்லுவீங்க."

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் பார்த்த பார்வையில் அது பாதியிலேயே செத்தது.

"உங்களுக்கும் தெரியும்" என்றாள் சோப்பக்கா, அவர் பக்கம் திரும்பி.

"அதுக்கும் முன்னாடியே தெரியும். ஒரு நாள் பால் அடிப்பிடிச்சுத் தீஞ்சு, தெருவே மூக்கைப் பொத்திட்டு ஓடுச்சு. நீ அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்து லேபிள் ஒட்டிட்டிருந்த."

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"கேட்டா இல்லைன்னு சொல்லியிருப்ப. அப்புறம் அந்த இல்லையைக் காப்பாத்தவே உனக்கு நேரம் சரியா இருந்திருக்கும். நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

"நல்லா இருந்தீங்க. நான் சோப்பை நீட்டறதும் நீங்க நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு தலையாட்டறதும். நாடகம்."

"நாடகத்தை ஆரம்பிச்சது யாரு?"

இத்தனை நாள் அவள் அவர் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அவரோ அவள் படிப்பதற்கென்றே ஒரு முகத்தைத் தயார் செய்து மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பார்த்தவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். உதவிதான். உதவி என்று தெரிந்தபிறகும், திருட்டுப் போன வீட்டில் நிற்கிற மாதிரியே இருந்தது.

"சரி. அந்தம்மாகிட்ட உன் நம்பர் எப்படிப் போச்சு?"

குட்டி டம்ளர்களைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள்.

"நீங்க டாக்டர்கிட்ட போயிருந்த அன்னிக்கு அவங்க உங்க நம்பருக்குக் கூப்பிட்டாங்க. போன் வீட்லதான் இருந்தது. நான் எடுத்தேன். இனிமே சாம்பிள் பத்தி ஏதாவதுன்னா எனக்குக் கூப்பிடுங்கன்னு சொன்னேன். நீங்க பதறுவீங்களேன்னுதான்."

எண்ணெய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் சோப்பக்கா அன்று டாக்டரிடம் போனாள். அது இவளுக்கு எப்படித் தெரியும் என்பது ஒரு கேள்வி. இன்னொரு கேள்வி அதைவிடக் கூர்மையானது. அன்று போன் வீட்டில் இல்லை. காத்திருந்த நேரம் முழுக்க அது அவள் கையில்தான் இருந்தது. மௌனத்தில் போட்டுவிட்டு உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

கேட்க வாயைத் திறந்தாள். குட்டி முந்திக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணி. பாக்கெட் மேல பேர் போடச் சொல்லல. ஆனா பேக்கிங்குக்கு ஒத்தாசைன்னு சொன்னீங்க பாருங்க. புருஷன் வீட்ல இருந்து வந்தப்பகூட எனக்கு அவ்வளவு சின்னதா தோணல."

சொல்லிவிட்டு டீத் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

சோப்பக்கா கேள்வியை விழுங்கிக்கொண்டாள். கேட்டால் இவள் பொய் சொன்னாள் என்று ஆகும். காலையில் தான் சொன்ன பொய்க்கு இது பெரிதா சிறிதா என்று யார் நிறுத்துப் பார்ப்பது?

மத்தியானம் முழுக்க மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பேச்சு என்று ஒன்றும் நடக்கவில்லை. "அந்த டேப் எங்க?" "அங்கதான்." அவ்வளவுதான். கண்ணாடிக்காரர் கடைக்குப் போகவில்லை. சோப்பக்கா பரணிலிருந்து தன்னுடைய சோப்பை இறக்கச் சொன்னாள். தட்டின் மேல் துணியை விலக்கியதும் அவர் முகம் தானாகவே பின்னால் போனது. பல வாரங்களுக்குப் பிறகு அவள் பார்த்த முதல் நிஜ முகம். அது அவளுக்கு எதையும் விடத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

"அவ்வளவு மோசமா?"

"ம்."

"இதையா அந்தம்மாகிட்ட நீட்டியிருப்பேன்?"

அவர் தட்டை மூடினார். அவள் தோளில் கை வைத்தார். அவள் தள்ளிவிடவும் இல்லை, சாயவும் இல்லை.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் போன் வந்தது. சோப்பக்காவின் போனுக்குத்தான். மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டாள். குட்டி அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், முதலாளிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இலை போட்டதுதான், எல்லா ரூமுக்கும். ஒரே ஒரு விஷயம். இதே வாசனை, இதே பக்குவம் மாறாம வரணும்ங்கறார். இதைக் கலந்தவங்களேதான் ஒவ்வொரு தடவையும் கலக்கணும். நீங்கதானே?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அவள் சொன்னால் இவர்கள் இருவரும் மறுக்கமாட்டார்கள். மறுக்கவே மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஒரு மாதமாகப் பரணில் சோப்பு காயவைத்தவர்கள் இதையும் காயவைப்பார்கள். பிறகு ஒவ்வொரு பாளத்துக்கும் அவள் இவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். இவர்கள் அவளுக்கென்று ஒரு முகம் செய்ய வேண்டும்.

"ஹலோ? மேடம்?"

"இருக்கேன்" என்றாள். "அந்த சோப்பை நான் செய்யல. என் நாத்தனார் செஞ்சா. பேக்கிங் பண்றவன்னு காலைல உங்ககிட்ட சொன்னது பொய்."

அடுக்களை வாசலில் நிழல் அசைந்தது.

"எனக்கு இப்ப வாசனை தெரியாது. காய்ச்சல்ல போச்சு. வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொல்றார். அளவு, சூடு, பக்குவம் எல்லாம் எனக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். மூக்கு மட்டும் அவளுது. இதுக்கு மேல உங்க இஷ்டம்."

மறுமுனையில் விடுதிக்காரம்மா மூச்சு விடுவது கேட்டது.

"அதான் காலைல அவ்வளவு நேரம் மோந்தீங்களா?" என்றார் கடைசியில். குரலில் கோபம் இல்லை. "சரி. எங்களுக்கு சோப்பு இதே மாதிரி வந்தா போதும். ஆனா எங்க கம்ப்யூட்டர்ல சப்ளை பண்றவங்கன்னு ஒரு பேர்தான் ஏத்த முடியும். ஏதாவது ஒண்ணுன்னா அந்தப் பேரைத்தான் கேப்போம். யார் பேரை ஏத்தட்டும்?"

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவருடைய ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் தங்கை. கண்ணாடி இல்லாவிட்டால் இரண்டு பேரும் அவருக்குத் தெளிவாகத் தெரியமாட்டார்கள்.

குட்டி இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. அண்ணியின் முகத்தையே பார்த்தாள். நன்றியா, கேள்வியா, கணக்கா என்று அந்த முகத்தைப் படிக்க சோப்பக்காவால் முடியவில்லை. வாரக்கணக்கில் முகம் படித்தே பிழைத்தவளுக்கு, வேண்டிய நேரத்தில் அந்த வித்தையும் கைவிட்டது.

"காலைல சொல்றேன்" என்றாள்.

"சொல்லுங்க. முதலாளி வர்றதுக்குள்ள வேணும்."

போன் நின்றது.

"ஏன் அண்ணி காலைல?" என்றாள் குட்டி.

"யோசிக்கணும்."

"என்ன யோசிக்கணும்?"

சோப்பக்கா போனை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். குட்டி காத்துப் பார்த்தாள். பிறகு காத்திருப்பதை நிறுத்திக்கொண்டாள்.

அன்றைய நாள் முடிந்தபோது நிலவரம் இதுதான். விடுதிக்காரம்மா பழைய சப்ளைக்காரரிடம் இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சிக்குப் பிடித்த சோப்பை சோப்பக்கா தன் கையாலேயே சீவி, தரை கழுவ வாளியில் போட்டாள். மூலை டின் வெளியே போயிற்று. கண்ணாடிக்காரருக்கு ஒரு நாள் லீவு வீணாயிற்று. படுக்கும்வரை அவர் மனைவியிடமும் தங்கையிடமும் தலா இரண்டு வார்த்தைதான் பேசினார். குட்டி சாப்பிட்டாள், மூன்று தட்டையும் கழுவி வைத்தாள், விளக்குப் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். சோப்பக்கா, அந்த நம்பர் எப்படிப் போனது என்பதை அவளிடம் கேட்கவில்லை. நாளை எந்தப் பேரைச் சொல்வது என்பதையும் முடிவு செய்யவில்லை.